குக்கருக்குள் முழங்கிய முரசு

வாழ்க அந்த வீரர்! கடைத்தெருவின் இரண்டாம் திருப்பத்தில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் இடையே பதினோரு அடி அகலத்துக்குப் பரந்து விரிந்த கண்ணாடிக் கடை என்னும் பேரரசின் பின்னறையில், தேய்ப்பு எந்திரத்தின் முன்னே முக்காலியே அரியணையாக வீற்றிருந்து, மங்கிய மாந்தர்க்கெல்லாம் உலகைத் துலக்கித் தரும் லென்ஸுகளை வெட்டியும் உரசியும் விளிம்பு மழித்தும் பிரேம் என்னும் கோட்டைக்குள் குடியேற்றும் கொற்றவர் வாழ்க! உச்சிவரை படையெடுத்துச் சென்ற நெற்றியர். சட்டைப் பையில் எந்நேரமும் திருகாணி முடுக்கும் குட்டித் திருப்புளி தரித்த மார்பினர். வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை முகத்தால் மறந்து மூக்கின் அகலத்தால் நினைவுகொள்ளும் நுண்மையர். அவரை முதலாளி ‘ஃபிட்டர்’ என்பார். வாடிக்கையாளர்கள் ‘தம்பி, ஆயிடுச்சா?’ என்பார்கள். வீட்டில் அவருக்கு அப்பா என்று பெயர். இங்கே சொல்லப்போகும் போர் அவர் தலையில் விடிந்தது இந்த மூன்றாவது பெயரால்தான்.

எதிர்நின்றவரின் பெருமையை விழுங்கிவிட்டு ஒருவரை மட்டும் பாடுவது முறையாகாது. எனவே அவளும் வாழ்க! வயது ஏழு, உயரம் மூன்றரை அடி, முன்பல் இரண்டும் அண்மையில் களப்பலியானதால் ‘ச’ வரும் இடமெல்லாம் காற்று வீசும் வாயினள். பிறந்தபோது கையளவே இருந்தும் அலறிய அலறலில் செவிலியர் மூவரை ஓடிவரச் செய்ததால் ‘மிளகு’ என்று பட்டம் சூட்டப்பட்டவள். அருமை மகள், ஒரே மகள், வழக்காடுவதில் பெரிய பெரிய வக்கீல்களையும் நாற்காலி தேடவைக்கும் மகள். அவள் கைப்படையோ, டேப் என்று வீட்டார் அழைக்கும் ஒளிப்பலகை. அது அந்த வீட்டுக்குள் நுழைந்த வரலாறு நான்கே வரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து இறங்கவில்லை. பொம்மைப் படம் ஒன்றைக் காட்டினார்கள், இறங்கியது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, டேப் போகவில்லை.

போகாதது மட்டுமா, ஆட்சியையே பிடித்துக்கொண்டது. காலையில் பால் குடிக்க அது வேண்டும், தலை பின்னிக்கொள்ள அது வேண்டும், பள்ளி விட்டு வந்ததும் காலணியை ஒரு காலில் கழற்றி மறு காலில் கழற்றாத நிலையிலேயே அது வேண்டும். சோபாவின் மூலையில் இறால் போல வளைந்து, மோவாய் மார்பைத் தொட, பலகையை மூக்குக்கு நான்கு விரற்கடை தூரத்தில் ஏந்தி அவள் அமர்ந்துவிட்டால், வீட்டுக்குள் யானை வந்து போனாலும் அவளிடம் சாட்சி கேட்க முடியாது. நாளடைவில் அவள் கண்ணைக் கசக்கத் தொடங்கினாள். சாயங்காலமானால் தலை வலிக்கிறது என்றாள். படுத்தால் புரண்டுகொண்டே இருந்தாள். காலையில் எழுப்பினால் சிடுசிடுத்தாள். பிறகு ஒருநாள் வகுப்பாசிரியையிடமிருந்து ஓலை வந்தது. முன் வரிசையில் உட்கார வைத்தும், பலகையில் எழுதியதை அவள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள் என்றது ஓலை.

வியாழக்கிழமை கண் மருத்துவரிடம் போனார்கள். அந்த அம்மையார் எழுதித் தரும் சீட்டுகளுக்குத்தான் நம் தலைவர் பதினாறு ஆண்டுகளாக லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த அறையின் நாற்காலியில் அப்பாவாக அமர்ந்தது அதுவே முதல்முறை. மருத்துவர் மிளகின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அவளோடு பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டேப்பை அவள் கையில் கொடுத்து, மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கவனிச்சீங்களா? என்கிட்ட பேசுறப்போ ஒழுங்கா இமைக்கிறா. இதைக் கையில குடுத்ததும் இமைக்கவே மறந்துடுறா. அப்புறம் கண்ணு காயாம என்ன செய்யும்?”

“பவர் எவ்வளவுங்க?”

“மைனஸ் ஒண்ணரை. ரெண்டு கண்ணும். நீங்களே இந்தத் தொழில்ல இருக்கீங்க, நான் உங்களுக்குச் சொல்லணுமா? கண்ணாடி போட்டுத்தான் ஆகணும். டேப்பை நல்லாக் குறைங்க, பாக்குறப்போ இவ்வளவு கிட்ட வெச்சுப் பாக்க விடாதீங்க. முக்கியமா தினமும் ரெண்டு மணி நேரம் வெளியில வெளிச்சத்துல விளையாட விடுங்க. பவர் ஏறுற வேகத்தைக் கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்கலாம்.”

எத்தனையோ பிள்ளைகளின் மைனஸ்களை அவர் கை வெட்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளைகள் திரும்பி வருவதையும், சீட்டில் எண் படிப்படியாக ஏறுவதையும், லென்ஸின் ஓரம் தடித்துக்கொண்டே போவதையும் அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அன்று சாயங்காலம் மகளின் சீட்டோடு தேய்ப்பு எந்திரத்தின்முன் அமர்ந்தார். முதல் லென்ஸின் ஓரம் பிசிறிப்போனது. பதினாறு ஆண்டுகளில் அவர் பாழாக்கிய மூன்றாவது லென்ஸ் அது. அதற்குப் பதிலாக வேறொன்றை வெட்டுவதற்கு முன் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஊதா நிறப் பிரேம். கடையிலேயே அழகானது. மிளகு அதைக் கையால்கூடத் தொடவில்லை.

“நான் போடமாட்டேன். எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு போட்டுட்டு வந்தா, எல்லாரும் தவளைன்னு கூப்பிடுறாங்க.”

“யாரு கூப்பிடுறாங்க?”

அவள் சற்று யோசித்தாள். “நானுந்தான்.”

இப்படியாக, டேப்பை விடமாட்டேன், கண்ணாடியைத் தொடமாட்டேன் என்று இரு கொடிகளை ஒருசேர ஏற்றினாள் அவ்விளம் வேங்கை. அம்மா என்னும் பேரரசியார் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் கரண்டியைச் செங்கோலாக உயர்த்தி ஆணை பிறப்பித்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் அவர். பத்தடி தூரத்தில் பிரிந்து நிற்கும் நூலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் கண்ணினர். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றிவைக்கத் தெரியாதவர்.

“நாளைக்கு எனக்கு ஏழு மணி வரைக்கும் வேலை. உங்களுக்கு ஒரு மணிக்கே கடை முடிஞ்சிடும். நான் வர்ற வரைக்கும் அவ கையில டேப் இருக்கக் கூடாது. ரெண்டு மணி நேரம் வெளியில கூட்டிட்டுப் போறீங்க. ‘பாவம், அழுதா’ன்னு எங்கிட்ட கதை சொல்லக் கூடாது.”

“நான் என்னிக்கு அப்படிச் சொன்னேன்?” என்று மறுமொழி தந்தார் மாவீரர். மேசையின் எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் அவரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை வந்தது. பகல் ஒன்றரைக்கு, நான்காம் மாடியின் கதவை உள்ளே தாழிட்டு, அதனால் கோட்டைக்குள் தம்மையும் பகைவரையும் ஒருங்கே முற்றுகையிட்டுக்கொண்ட விசித்திரச் சேனாதிபதியாக நம் தலைவர் களம் புகுந்தார். மகள் கை கழுவப் போன நொடியில் டேப்பைக் கவர்ந்தார். ஆநிரை கவரப் புறப்பட்ட வெட்சி மறவரும் அத்துணை ஓசையின்றி அடியெடுத்து வைத்திருக்க மாட்டார். முதலில் அதை அலமாரியின் மேல் வைத்தார். நாற்காலி போட்டால் எட்டும் என்று எடுத்தார். மெத்தைக்கு அடியில் வைத்தார். அவள் அங்கேதான் முதலில் தேடுவாள் என்று எடுத்தார். குழாய் நிற்கும் ஓசை கேட்டது. வியர்வை அரும்ப, அடுக்களைக்குள் பாய்ந்து, கழுவிக் கவிழ்த்திருந்த ஐந்து லிட்டர் குக்கரை நிமிர்த்தி, அதற்குள் டேப்பை இறக்கி, மூடியைத் திருகி, அதன்மேல் வெயிட்டையும் போட்டார். பாதாளச் சிறைக்குத் தலைப்பூட்டும் ஆயிற்று.

மிளகு திரும்பி வந்தாள். சோபாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பெருமழைக்கு முன் காற்று நின்றுவிடுமே, அதுபோல வீடு நின்றது.

முதலில் தூது வந்தது. மிக இனிய தூது.

“அப்பா, உங்களுக்குக் கால் பிடிச்சு விடட்டுமா?”

“வேணாம்மா.”

“அஞ்சு நிமிஷம் மட்டும் பாக்கட்டுமா?”

“வேணாம்மா.”

“சரி, பாக்கல. சும்மா கையில வெச்சுக்கறேன்.”

தூது முறிந்ததும் வழக்கு தொடங்கியது. நேற்று அம்மா ‘கையில இருக்கக் கூடாது’ என்றுதான் சொன்னார், மடியில் இருக்கலாமா என்று கேட்டாள். நாளைக்குரிய நேரத்தை இன்றைக்கே முன்கூட்டி எடுத்துக்கொண்டால் மொத்தத்தில் ஒன்றுதானே என்று கேட்டாள். பாடம் சம்பந்தமான படமாக இருந்தால் அது டேப் கணக்கில் வராது என்று அவளாகவே ஒரு தீர்ப்பும் எழுதினாள். தலைவர் எதற்கும் அசையவில்லை. அடுத்து, உண்ணாநோன்பு. தட்டில் வைத்த பிஸ்கட்டை விரலால் தள்ளிவிட்டாள். நோன்பு பதினோரு நிமிடம் நீடித்தது. அதன்பின் வயிற்றுவலி புறப்பட்டது, வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் போய், அங்கிருந்து இடது முழங்காலுக்கு இறங்கி, “எந்த இடம்மா வலிக்குது?” என்று கேட்கும்தோறும் புதிய ஊர்களைப் பார்த்துவந்தது.

இத்தனை கணைகளையும் மார்பில் ஏற்று, ஒரு கீறலும் இன்றி நின்ற பெருமிதத்தில், சாய்வு நாற்காலியில் சற்றே சாய்ந்தார் தலைவர். எத்தனையோ வீரர்கள் வென்றுவிட்டோம் என்று சாய்ந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள்.

“அப்பா, போன் குடுங்க. அம்மாகிட்ட பேசணும்.”

தாயிடம் பேசவேண்டும் என்று கேட்கும் சேயை மறுக்கும் கல்நெஞ்சம் அவருக்கு வாய்க்கவில்லை. கொடுத்தார். மிளகு இரண்டே விரல் தட்டலில் அழைத்தாள். ஆனால் அழைத்தது அம்மாவை அன்று. டேப்பை அழைத்தாள்.

அடடா, அந்த ஓசையை என்னென்று சொல்வது! அடுக்களையின் ஆழத்திலிருந்து, அலுமினியச் சுவர்கள் அதிர, மேலே போட்டிருந்த வெயிட் தடதடவென்று தாளமிட, அழைப்பு மணியின் இன்னிசை குக்கருக்குள் பட்டுத் தெறித்துப் போர்முரசாகப் பெருகி முழங்கியது. கூடத்து விளக்கு நடுங்கியதாகவும், மூன்றாம் மாடியில் உறங்கிக்கொண்டிருந்த டாக்ஸி ஓட்டுநர் ‘யாரு வீட்ல குக்கர் பாடுது?’ என்று எழுந்ததாகவும் சொல்வார்கள். மிளகு ஓசை வந்த திக்கை ஒரு கணம் தலை சாய்த்துக் கேட்டாள். பிறகு பாய்ந்தாள். தலைவரும் பாய்ந்தார். சாய்வு நாற்காலியிலிருந்து பாய்வது அத்தனை எளிதன்று. முதலில் அது பின்னால் ஒருமுறை சாயும். அந்த ஒரு சாய்வில் போர் திரும்பிவிட்டது. அவர் அடுக்களை வாசலை எட்டியபோது, ஐந்து லிட்டர் குக்கரை இடுப்பில் தூக்கி வைத்தபடி, வென்ற நகரத்தின் முரசைக் கவர்ந்து செல்லும் அரசிபோல் அவள் எதிரே வந்துகொண்டிருந்தாள்.

“குக்கர்ல போய் வெப்பீங்களா? வெந்து போச்சுன்னா?”

“கீழ வை மிளகு. கால்ல விழும்.”

“நீங்க தள்ளுங்க, நான் வைக்கறேன்.”

அதன்பின் நடந்தது நேருக்கு நேரான தும்பைப் போர். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று வலம். இரண்டாம் வலத்தில் மூடி கழன்று தரையில் சுழன்றது. மூன்றாம் வலத்தில் அவள் மேசைக்கு அடியில் புகுந்து, டேப்பை உருவி எடுத்து, நெஞ்சோடு அணைத்து, அப்படியே ஆமைபோல் ஒடுங்கிக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயது இடுப்பை வளைத்து, மேசைக்கு அடியில் தலைவரும் நுழைந்தார். நுழையும்போது ஒருமுறையும் நிமிரும்போது ஒருமுறையும் தலையில் இடித்துக்கொண்டார். அவர் கை டேப்பின் ஒரு மூலையைப் பற்றியது. அவள் கை மறு மூலையை விடவில்லை. அந்த நேரத்தில், இரு தரப்புக்கும் பொதுவான தெய்வம் ஒன்று குறுக்கிட்டது. ஒளிப்பலகை ஒருமுறை கண் சிமிட்டி, சார்ஜ் இல்லாமல் அணைந்தது.

கறுத்துப்போன பலகையில் இரண்டு முகங்கள் தெரிந்தன. மேலே வியர்த்த முகம் ஒன்று. கீழே கண் சிவந்த முகம் ஒன்று.

மிளகு அழுதாள். இதுவரை அவள் அழுததெல்லாம் அழுகையின் ஒத்திகை, இது அழுகை. சத்தம் குறைவாக, தோள் குலுங்க, ‘எல்லாரும் என்னை மட்டும்’ என்று ஏதோ தொடங்கி முடிக்காமல் அழுதாள். சார்ஜர் கம்பி சோபாவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, மேசைக்கு அடியிலிருந்தே அது தெரிந்தது. தலைவரின் கை அதை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்ததை நான் மறைக்கமாட்டேன். இன்று ஒருநாள் தானே என்று மனம் சொன்னதையும் மறைக்கமாட்டேன். படை கண்டு அஞ்சாதவர், பத்து விரற்கடை முகத்தில் நீர் கண்டு கலங்கினார். அந்நேரம் அவள் கண்ணைப் புறங்கையால் அழுத்திக் கசக்கினாள். கசக்கிய இடம் ரத்தச் சிவப்பாய் இருந்தது. கம்பியை நோக்கிய அவர் கை நின்றது.

“வா, கீழ போலாம்.”

“கீழ என்ன இருக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

“ஒண்ணும் இல்ல.”

இந்த விடையை அவள் எதிர்பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். “ஒண்ணும் இல்லாத இடத்துக்கு எதுக்குப் போகணும்?”

“தெரியல. டாக்டர் சொன்னாங்க.”

அவளுக்கு ஏனோ அது நியாயமாகப் பட்டது. டேப்பைச் சோபாவின் அடியில் தள்ளிவிட்டு, காலணி மாட்டிக்கொண்டாள். இரண்டு சேனைகளும் நான்கு மாடிப் படிகளில் இறங்கின. நேரம் நான்கரை.

கட்டடத்தின் பின்பக்கம் வண்டிகள் நிறுத்தும் இடம். சிமெண்டுத் தரை, இரண்டு கார், உறை போட்ட ஒரு மோட்டார் சைக்கிள், மூலையில் உடைந்த கழுவுதொட்டி ஒன்று. மதிலுக்கு அப்பால் ஒரு காலி மனை, அதற்கும் அப்பால் எழும்பிக்கொண்டிருந்த பெரிய கட்டடம். அப்பா சொன்னது முற்றிலும் உண்மை, அங்கே ஒன்றும் இல்லை. சாயும் வெயில் மட்டும் எல்லாவற்றின்மேலும் கொட்டிக் கிடந்தது.

முதல் பத்து நிமிடங்கள் நகர்ந்த வேகத்தை எந்தக் கடிகாரத்தாலும் அளக்க முடியாது. மிளகு படியில் அமர்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். தலைவர் ஓட்டப் பந்தயத்துக்கு அறைகூவல் விடுத்தார். யாரும் வராததால் தாமே ஓடி, தாமே வென்று, தாமே மூச்சிரைத்து அமர்ந்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி அம்பது நிமிஷம்.”

“போர் அடிக்குது.”

“எனக்குந்தான்.”

சும்மா இருக்க முடியாத கைக்குத் தொழில்தான் ஓடிவரும். மதிலின் கடைசியில் சிவப்பெழுத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார்.

“அதைப் படி பாக்கலாம்.”

“எதை?”

“அதோ, மதில்ல.”

“அங்க எழுத்தா இருக்கு? அது சிவப்புப் பெயிண்ட் கொட்டினதுன்னு நெனச்சேன்.”

‘இங்கு வண்டி நிறுத்தாதீர்’ என்று ஒவ்வோர் எழுத்தும் ஓரடி உயரத்தில் அங்கே நின்றுகொண்டிருந்தது. தினமும் பள்ளிக்கு அந்த வழியாகத்தான் போய்வருகிறாள். அந்த மாவீரருக்குக் கடையில் அமர்ந்து எண்ணாகப் படித்தபோது உறைக்காதது இங்கே உறைத்தது. மைனஸ் ஒன்றரை என்றால் இதுதான்: அவள் வாழும் உலகம் அந்த மதிலுக்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் கொட்டிய பெயிண்ட். டேப்புக்குள் இருக்கும் உலகமாவது அவளுக்கு விளிம்பு பிசிறாமல் தெரிகிறதே, அவள் பின்னே எங்கே போவாள் என்று தோன்றியது.

அவள் இதற்குள் எழுந்துபோய்த் தரையில் குந்தியிருந்தாள். எறும்பு வரிசையொன்று உடைந்த தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் வழியில் கிடந்த பாட்டில் மூடியொன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

“இது உள்ள குட்டிக் குட்டியா எழுதியிருக்கு. நீங்க படிங்க.”

தலைவர் வாங்கினார். முகத்தருகே வைத்தார், எழுத்து கலைந்தது. தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். கை முழுதும் நீண்டு, முழங்கை நிமிர்ந்து, தலை பின்னால் சாய்ந்து, புருவம் நெற்றியின் பாதி தூரம் ஏறிய பிறகும் எழுத்துகள் சரணடையவில்லை.

“என்னப்பா, கை பத்தலையா?”

“வெளிச்சம் சரியில்ல.”

“வெயில் அடிக்குதேப்பா!”

ஐயகோ! நாடெங்கும் பிறர் கண்ணுக்கு ஒளி வழங்கிய வள்ளலின் சொந்தக் கண்ணில் வெள்ளெழுத்து குடியேறி ஓராண்டு ஆகியிருந்தது. திருகாணிகளை அவர் கண்ணால் மாட்டுவதை விட்டு விரலால் மாட்டிக்கொண்டிருந்தார். சீட்டுகளைப் படிக்க ஜன்னலோரம் போய் நின்றுகொண்டிருந்தார். முதலாளிக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான கண்ணாடிகளுக்கு நடுவே அமர்ந்து, தமக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டு, ஓராண்டாக ஒளித்துவைத்த அந்த மர்மத்தைச் சோடா மூடி ஒன்று சந்தி சிரிக்கவைத்துவிட்டது.

மிளகு மூடியை வாங்கி மூக்கருகே வைத்துக் கடகடவென்று படித்தாள். “குளிர வைத்து அருந்தவும். அவ்வளவுதான். உங்களுக்கு இது தெரியலையா? நெஜமாவே?”

“கிட்ட இருக்கறது தெரியல.”

“எனக்குத் தூரத்துல இருக்கறது தெரியல.” அவள் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னாள். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அப்ப நீங்க ஏன் கண்ணாடி போடல?”

வாளையும் வேலையும் தாங்கிய மார்பு இந்தக் கேள்வியைத் தாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வயசாயிடுச்சுன்னு சொல்லுவாங்கல்ல.”

“யாரு சொல்லுவாங்க?”

“கடையில. எல்லாரும்.”

“தவளைன்னா சொல்லுவாங்க?”

“அப்படிச் சொல்லமாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

இருவரும் எறும்புகளைப் பார்த்தார்கள். அவள் பார்த்தாள், அவர் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கோடுதான் தெரிந்தது. பின்னர், அந்தச் சிமெண்டுத் தரையில், இரண்டு காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் சாட்சியாக, உடன்படிக்கை பிறந்தது. வாசகத்தை வகுத்தவள் மிளகு.

“நீங்க போட்டா நான் போடுறேன். நீங்க கழட்டினா நானும் கழட்டுவேன். ஏமாத்தக் கூடாது.”

“திங்கக்கிழமை டெஸ்ட் பண்ணிக்கறேன். சத்தியமா.”

“டேப் தினமும் அரை மணி நேரம்.”

“லீவு நாள்ல மட்டும் அரை மணி.”

“லீவு நாள்ல முக்கால் மணி.”

“சரி. சோபாவுல இறால் மாதிரி உக்காரக் கூடாது. மேசைமேல வெச்சுத் தள்ளி நின்னு பாக்கணும்.”

“சரி.”

வெள்ளிக்கிழமை முதல் அவர் சட்டைப் பையில், திருப்புளிக்குப் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த ஊதாப் பிரேம் வெளியே வந்தது. சட்டை நுனியால் துடைத்தார். தொழிலில் அப்படித் துடைப்பவர்களை அவர் திட்டுவது வழக்கம். அவள் காதோரத்து முடியை ஒதுக்கி, கம்பியை மாட்டி, மூக்கின்மேல் அமர்த்தி, எப்போதும் செய்வதுபோல் ஓரடி பின்வாங்கி நின்று பார்த்தார். சற்றே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கழற்றிச் சரிசெய்யத் தோன்றவில்லை.

மிளகு மதிலைப் பார்த்தாள். “இங்கு... வண்டி... நிறுத்தாதீர்.” பிறகு மதிலுக்கு அப்பால் பார்த்தாள். எதிர் மொட்டை மாடியில் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, அந்த அக்கா வாயில ரெண்டு க்ளிப் வெச்சிருக்காங்க!” பிறகு இன்னும் மேலே பார்த்தாள், எழும்பும் கட்டடத்தின் தலைக்கு மேல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த மஞ்சள் கிரேனை. வாய் திறந்தபடி நின்றாள்.

“அதுக்குள்ள ஆள் இருக்காரு!”

“ஆமா, ஓட்டுறவரு.”

“அது தானாச் சுத்துதுன்னு நெனச்சேன். இத்தன நாளா!” அவள் கார்களுக்கு நடுவே ஓடிப்போய் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள். “மாமா! கிரேன் மாமா!”

வானத்தின் பாதியில் தொங்கிய அந்தச் சிறு கூண்டுக்கு அவள் குரல் எட்டியிருக்க வழியில்லை. ஆனால் கிரேன் நின்றது. கூண்டின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து அசைந்தது.

அதன்பின் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கழுவுதொட்டியில் ஏறினாள், மதிலின் ஓரம் ஓடினாள், தெரிவதையெல்லாம் கூவிக் கூவி அறிவித்தாள். ஏழு ஆண்டுகளில் யாரும் அவளுக்குச் சொல்லாத செய்திகளை வானமும் மாடிகளும் ஒரே நாளில் சொல்லிக்கொண்டிருந்தன. தலைவர் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினார். பந்தயத்தில் மூன்று முறை தோற்றார். ஒரு தோல்விகூட விட்டுக்கொடுத்தது அன்று.

ஏழு மணி தாண்டி, பொழுது மங்கிய நேரத்தில் பேரரசியார் பின்பக்க வாயிலில் தோன்றினார். புழுதி படிந்த கால்களோடு தரையில் அமர்ந்திருந்த இரு வீரர்களையும், மகளின் முகத்தில் வீற்றிருந்த ஊதாப் பிரேமையும் அந்தத் தரம் பார்க்கும் கண்ணால் ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பிசிறும் அகப்படவில்லை.

“எவ்வளவு நேரமா வெளியில இருக்கீங்க?”

“நாலரைலேர்ந்து” என்றாள் மிளகு. “அம்மா, கிரேனுக்குள்ள ஆள் இருக்காரு, தெரியுமா?”

“டேப் எங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குக்கர்ல... இல்ல, சோபாவுக்கு அடியில” என்றார் மாவீரர்.

“குக்கர்லயா?” என்ற பேரரசியாரின் குரல் நான்கு மாடிக்கும் கேட்டது.

வெற்றி முரசே, அதிர்க! இரண்டரை மணி நேர வெளிச்சத்தை ஒற்றை மாலைப்பொழுதில் ஈட்டிய தந்தையே, இனி வரும் நாளெல்லாம் இரண்டு மணி நேரம் இதுபோல் களம் காண்போம் என்று படியேறும்போது சூளுரைத்தீரே, அச்சூளுரை திக்கெட்டும் பரவுக! தலையில் இரு புடைப்பும் இடுப்பில் ஒரு பிடிப்பும் விழுப்புண்களாகப் பூண்டு, வாகைப்பூ சூடுவதற்கு வேண்டிய முடி முன்பக்கம் இல்லாவிட்டாலும் பின்பக்கத்தில் சூடி, மகளின் தோள்மீது கைவைத்து நீர் நின்ற நிலையைக் காலம் மறவாதிருக்க! நாளை என்ன, நாளை மறுநாள் என்ன, இனி அந்தச் சிமெண்டுத் திடலே உமது தலைநகர், இனி அந்த மாலை வெயிலே உமது வெண்கொற்றக்குடை, கடல் உள்ளளவும் கதிர் உள்ளளவும் உமது கொடி தாழாதிருக்க!

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது.